‘வென்றவர் யார்?’: கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி விவாதம் முடிந்த மறுநாளே ‘இன்னார் வென்றார்’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். எதை வைத்து? எங்கள் நெல்லைப் பக்கத்துப் பட்டிமன்றத்தில்கூட நடுவர் காரணம் சொல்லித்தான் தீர்ப்பளிப்பார்.

1976 அக்டோபர் 6-ல் அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர்கள் ஃபோர்டு–கார்ட்டர் விவாதம் முடிந்த கையோடு பார்த்தவர்களிடம் கேட்டபோது ஃபோர்டு பின்தங்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அவர் சொன்னதை (பிழைதான், அது வேறு விஷயம்) ஊடகங்கள் விடாமல் அலசிய பிறகு, கார்ட்டரே வென்றார் என்றவர்கள் மளமளவென்று கூடிவிட்டார்கள்.

எனவே விவாதத்தின் பதிவை இருவர் தனித்தனியே பார்த்து, ஒவ்வொரு பேச்சாளரும் பேசிய வினாடிகள், நெறியாளர் குறுக்கிட்ட தடவைகள், பதில் வராத கேள்விகள் மூன்றையும் குறிக்கட்டும். குறுக்கீட்டில் போன நேரத்தைப் பேச்சாளர் கணக்கில் ஏற்றக் கூடாது. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இருவர் கணக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் பார்க்கலாம்.

இணைய வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். கட்சி வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு போனால் வாக்கெல்லாம் ஒரே பக்கம் சாயும். சமவாய்ப்பில் (குலுக்கல் முறையில்) எடுத்த 1,000 பேரைக் கேட்டால் முடிவில் பிழை கூடவோ குறையவோ சுமார் 3 சதவீதம். அவர்களிடமும் விவாதத்துக்கு முன்பே யார் பக்கம் என்று கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே பிடித்தவரையே வென்றவர் என்பார்கள்.

வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை