கேமரா நின்றதும் கைப்பேசிக்குத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'கண்காணிப்புக் கேமரா செயல்படவில்லை' என்ற வரியைத் திருட்டுச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. கேமரா பொருத்திப் பராமரிப்பது என் தொழில். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் சாதனம் பழுதாகத்தான் செய்யும். பழுதானது ஒருவருக்கும் தெரியாமல் வாரக்கணக்கில் கிடப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பதிவை எடுத்துத் தரச் சொல்லி அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் தேவைப்படும் அந்த ஒரு கட்டம் மட்டும் திரையில் கறுத்துக் கிடக்கும். நடுவில் 'வீடியோ லாஸ்', அதாவது காட்சி வரவில்லை என்ற வரி. ஏணி போட்டு ஏறிக் கனெக்டரைக் கழற்றினால், நீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும். கீழே காட்சிகளைப் பதியும் ரெக்கார்டரோ மற்ற கேமராக்களைப் பதிந்தபடி விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கும். அந்த விளக்கை நம்பித்தான் வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார்.

இத்தனைக்கும் எச்சரிக்கும் வசதி பெரும்பாலான ரெக்கார்டர்களுக்குள்ளேயே இருக்கிறது. காட்சி நின்றாலோ ஹார்டு டிஸ்க் கெட்டாலோ பஸ்ஸர் ஒலிக்கவும், மின்னஞ்சல் போகவும், செயலி வழியே கைப்பேசிக்குத் தகவல் வரவும் செய்யலாம். ஆனால், அதை யாராவது இயக்கிவைக்க வேண்டும். பொருத்துபவர்கள் பலர் படத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு கேமராவின் கேபிளைக் கண்ணெதிரே பிடுங்கச் சொல்லுங்கள். கைப்பேசிக்குத் தகவல் வந்தால்தான் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள். தகவல் ஒருவருக்கு மட்டும் போகாமல் இருவருக்குப் போகட்டும்.

ஜிமெயிலை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பழைய சாதனங்கள் தனிநபர் கணக்குகளுக்குள் நுழைவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. அதற்கு முன் அப்படி அமைத்த ரெக்கார்டர்களிலிருந்து மின்னஞ்சல் போகாது. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, ரெக்கார்டருக்கென்று அங்கேயே தனிக் கடவுச்சொல் (ஆப் பாஸ்வேர்டு) உருவாக்கி ரெக்கார்டரில் பதிய வேண்டும்.

ரெக்கார்டருக்கே மின்சாரமோ இணையமோ போய்விட்டால் அதனால் எதையும் அனுப்ப முடியாது. பலரும் யோசிக்காத இடம் இது. வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே இணையத்தில் இருக்கும் ஒரு சேவைக்குக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். குறிப்பு நின்றால் அந்தச் சேவை நமக்குத் தகவல் சொல்லும்படி அமைக்க வேண்டும். அதோடு ரெக்கார்டருக்கும் ரௌட்டருக்கும் யுபிஎஸ் கொடுத்துவிட்டால் சிறிய மின்தடைகளில் பதறத் தேவையில்லை.

எச்சரிக்கை ஓயாமல் வருகிறதென்று அணைத்துவிடுபவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம், அந்தத் தொல்லைக்கும் ஒரு காரணம் இருக்கும். இரவில் மட்டும் ஒரு கேமராவின் காட்சி விட்டுவிட்டு அறுந்தால் நான் முதலில் அடாப்டரைத்தான் பார்ப்பேன். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். நலிந்த அடாப்டரோ அளவுக்கு மீறி நீண்ட கேபிளோ அதைத் தாங்காது. அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல்முறை ரெக்கார்டரை இயக்கும்போதே எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும் என்று அது கேட்கட்டும். பதில் தராமல் அடுத்த படிக்குப் போகவே விடக்கூடாது.

இப்படிக்கு,
கேமரா பராமரிப்பாளர் ஒருவர்