தேய்ந்துபோன பின் ஷூவும் தேயாத முன் பேடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருசக்கர வாகன விபத்துகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறீர்கள். ஹெல்மெட், குடிபோதை, செல்போன், ஒரு வண்டியில் மூன்று பேர் என்று எல்லாம் வருகிறது. பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் ஒரு வரி வந்து நான் படித்ததில்லை. வளசரவாக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக் கடை வைத்திருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கையில் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. ஆற்காடு சாலையில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றிருக்கிறது. இவன் கால் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறான். பின் சக்கரம் சுழலாமல் லாக் ஆகி, வண்டி பக்கவாட்டில் இழுத்துப் போட்டுவிட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பின் பிரேக் ஷூவில் உரசிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்து காகிதம்போல இருந்தது. முன் சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பேடோ, வண்டி வாங்கி மூன்று வருடமாகியும் பாதிகூடத் தேயவில்லை. “முன் பிரேக் பிடிக்கவே மாட்டியாப்பா?” என்று கேட்டேன். “அதைத் தொட்டா தூக்கி அடிச்சிடும்னு அப்பா சொல்லியிருக்காருண்ணே” என்றான்.

இதே பதிலை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அப்பாக்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சைக்கிளில் பழகியவர்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிக் குப்புற விழுந்த தழும்பு என் தாடையிலும் இருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது, நீளமும் அதிகம். பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பகுதி முன்னால் வருகிறது. முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசாகிவிட்ட சக்கரத்தை மிதித்தால் சக்கரம்தான் நிற்கும், வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டே போகும்.

40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கை லிவருக்குப் போகவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகு காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்தால் சுமார் 10 மீட்டரில் நிறுத்திவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் போனால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. வடபழனியிலிருந்து போரூர் வரை எந்த வண்டிக்கும் எந்த வண்டிக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது?

தூக்கி அடிப்பது முன் பிரேக் அல்ல, அதைப் படக்கென்று இறுக்கும் கைதான். நெரிசலில் ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் வலது கையிலுள்ள முன் பிரேக் லிவர்மேல் இருக்கட்டும். நிறுத்த வேண்டி வந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, லிவரை முதலில் லேசாக அழுத்துங்கள். ஷாக் இறங்குவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூடவே கால் பிரேக்கை அளவாக மிதித்தால் போதும். பலர் பிரேக்குக்கு முன்னால் கிளட்ச்சைப் பிடித்துவிடுகிறார்கள். இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கிற பலம் அத்தோடு போய்விடுகிறது. வண்டி நிற்கப்போகிற கடைசி நேரத்தில் கிளட்ச் பிடித்தால் போதும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், அது வேலை செய்யும்போது லிவர் படபடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

முன் பிரேக்கில் ஜாக்கிரதை வேண்டிய இடங்களும் உண்டு. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது இறுக்கக்கூடாது. முதலில் வண்டியை நிமிர்த்தி, ஹேண்டிலை நேராக்க வேண்டும். சாலையோர மணல், மெட்ரோ பணிக்காகப் போட்ட இரும்புத் தகடு, மழையில் நனைந்த வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி ஆகியவற்றின் மேல் போகும்போது எந்த பிரேக்கையும் அழுத்திப் பிடிக்காமல், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முதல் மழை பெய்யும் அரை மணி நேரம் சாலையில் படிந்த எண்ணெய் மேலே வந்து மிதக்கும். அன்றைக்குத்தான் என் கடையில் வளைந்த ஃபுட்ரெஸ்ட் அதிகம் வரும்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் காம்பி பிரேக்காவது இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் விதி வந்தது. இடது லிவரைப் பிடித்தால் முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ போதும் என்று பலர் முன் பிரேக்கான வலது லிவரைத் தொடுவதே இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தாய்மார்கள் இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். இரண்டு லிவரையும் சேர்த்துப் பிடியுங்கள் அம்மா. செருப்பு வண்டியை நிறுத்தாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் தேர்வில் பார்க்க வேண்டியவற்றில் அவசரமாக வண்டியை நிறுத்துவதும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில், மைதானத்தில் எட்டு போட்டு, கை சிக்னல் காட்டினால் லைசென்ஸ். கால் ஊன்றாமல் எட்டு போடுவது நடக்கிற வேகத்தில் நடக்கிற வேலை, அதில் பிரேக்குக்கு வேலையே இல்லை. எட்டுக்குப் பக்கத்தில் நேராக ஒரு ஐம்பது மீட்டர் ஒதுக்குங்கள். 30 கி.மீ. வேகத்தில் வந்து, சக்கரம் லாக் ஆகாமல், போட்ட கோட்டுக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்தான். போக்குவரத்துத் துறைக்கு இதை உங்கள் பத்திரிகை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். எங்கள் கடைத் தெருவில் அந்த நேரம் ஆள் இருக்காது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இருபதில் வரச் சொன்னேன். முதல் இரண்டு தடவை அவன் விரல் முன் லிவர்வரை போய்த் திரும்பிவிட்டது, கோட்டைத் தாண்டிப் போய் நின்றான். ஏழாவதோ எட்டாவதோ தடவை கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தி, குனிந்து முன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
வளசரவாக்கம், சென்னை.