பழைய ஒயின்: வயது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பிரெஞ்சு ஒயின்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2018-இல் நியூயார்க் ஏலத்தில் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து ரொமனே-கொன்தி தோட்டத்தின் 1945-ஆம் ஆண்டு ஒயின் பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்குப் போன கதையெல்லாம் சுவாரஸ்யம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டுரை முழுக்க விலை, விலை, விலை. அந்த ஒயின் வாயில் எப்படி இருக்கும், எதற்காக ஒருவர் முப்பது நாற்பது வருடம் காத்திருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. போதாததற்கு, வருடம் ஏற ஏற ஒயினின் சுவையும் ஏறிக்கொண்டே போகும் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பிரான்சில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு நவம்பரும் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வருகிறதே பொழோலே நூவோ, அது அதே வருடம் பறித்த திராட்சையில் செய்தது. அதைப் பூட்டி வைத்துப் பத்து வருடம் கழித்துத் திறந்தால் பழவாசமும் இருக்காது, வேறு எதுவும் இருக்காது. நாள்பட முதிரக்கூடியவை தனி ரகம். தென்மேற்கு பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் மெடோக் பக்கம் விளையும் கபர்னே சோவிஞோன், பொமெரோல் பக்கத்து மெர்லோ, ரோன் பள்ளத்தாக்கின் வடக்கே எர்மித்தாஜ் குன்றின் சிரா, பர்கண்டியின் நல்ல நிலங்களில் வரும் பினோ நுவார் என்று திராட்சை வகைகளில் ஒரு சிறு கூட்டம்தான். அதிலும் எல்லா வருடமும் சரிப்படாது.

முதிர்வது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், கொஞ்சம் ஓக் பீப்பாயிலிருந்தும் வருகிற டானின்தான் இளம் ஒயினில் நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பைத் தருகிறது, அதிக நேரம் ஊறவிட்ட கட்டைத் தேநீர் மாதிரி. வருடங்கள் போகப் போக இந்த டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு கட்டத்துக்கு மேல் மிதக்க முடியாமல் பாட்டிலின் அடியில் மண்டியாகப் படிகின்றன. துவர்ப்பு அடங்குகிறது, நிறம் வெளுக்கிறது, பழவாசம் பின்வாங்கி வேறு வாசங்கள் தலையெடுக்கின்றன. இது ஒரு மேடு ஏறி, கொஞ்ச காலம் சமதளத்தில் நடந்து, அப்புறம் இறங்குகிற பயணம். இறங்க ஆரம்பித்துவிட்டால் திரும்ப ஏறாது.

1975-இல் பறித்த திராட்சையில் செய்த போர்தோ ஒயின் இதற்கு நல்ல உதாரணம். அந்த வருடத்து ஒயின்களில் டானின் அவ்வளவு முரடு. பொறுத்திருந்தால் மென்மையாகும் என்று பலரும் காத்திருந்தார்கள், ஆனால் பல பாட்டில்களில் துவர்ப்பு அடங்குவதற்கு முன்பே பழச்சுவை காய்ந்துவிட்டது. 1982-இல் நேர் எதிர். வெயில் நன்றாக அடித்த வருடம், கனிந்த திராட்சை. ஆரம்பத்திலேயே குடிக்க இதமாக இருந்ததாலேயே இது நீடிக்காது என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு, அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கரோ ஆரம்பத்திலிருந்தே தூக்கிப் பிடித்தார், அதிலேயே அவர் பெயரும் பெரிதானது. நல்ல கிடங்கில் இருந்த 1982-கள் நாற்பது வருடம் தாண்டியும் நிற்கின்றன. 1963, 1965, 1968 போன்ற வருடங்களோ மழையிலும் அழுகலிலும் போனவை. அந்தப் பாட்டில்களுக்கு இன்று வயது நிறையவே இருக்கிறது, வயது மட்டும்தான் இருக்கிறது.

நண்பர் ஒருவர் போர்தோவில் தன் வீட்டில் மெடோக்கின் போயாக் ஊர் 1982 ஒயின் ஒன்றைத் திறந்தபோது நானும் இருந்தேன். இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார், மண்டி கீழே இறங்குவதற்காக. சாதாரணத் திருகியால் இழுத்தால் பழைய கார்க் பிட்டுப்பிட்டாக உதிரும் என்பதால், இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி முறுக்கி எடுக்கிற கருவியை எடுத்தார். கார்க்கின் உள்பக்கம் கறுத்து ஈரமாக, வெளிப்பக்கம் காய்ந்து, நல்லபடியாக முழுசாக வந்தது. பிறகு கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு, கை நடுங்காமல் ஒரே சீராக வேறு குடுவைக்குள் சரித்தார். வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு இழை கழுத்தை நோக்கி நகர்ந்து வந்ததும் டக்கென்று நிறுத்திவிட்டார். அடியில் நின்றது இரண்டு மடக்கு இருக்கும், அதை யாரும் தொடவில்லை.

கிளாஸை வெள்ளைத் துணிமேல் சாய்த்துப் பார்த்தால் நடுவில் மங்கலான மாதுளை நிறம், விளிம்புக்கு வர வர ஓட்டுச் சிவப்பு, கடைசி ஓரம் கிட்டத்தட்ட ஆரஞ்சு. முதல் மோப்பத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, பூட்டியிருந்த அறையைத் திறந்தது போல் லேசான புழுங்கல், அவ்வளவுதான். சில நிமிடத்தில் அது கலைந்தது. அதன்பின் தேவதாரு மரம், புகையிலை, தோல், மழை பெய்த காட்டுத் தரை, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னும் கொஞ்சம் கறுப்புப் பழம். வாயில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் எங்கும் பிடித்து இழுக்கவில்லை. விழுங்கிய பிறகும் வெகுநேரம் நாக்கில் நின்றது. இளம் ஒயினின் பலத்தை எதிர்பார்த்து முதல்முறை குடிப்பவருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம் (என் பக்கத்தில் இருந்தவர் 'இவ்வளவுதானா?' என்றார், இரண்டாவது கிளாஸில் பேச்சைக் காணோம்). ஒரு மணி நேரம் கழித்து அது மெல்ல மெலிய ஆரம்பித்தது.

அதனால்தான் பழைய ஒயினைக் குடுவையில் ஊற்றி மணிக்கணக்கில் 'மூச்சு விட' வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்றோட்டம் முரட்டு இளம் ஒயினுக்குச் சரி என்பார்கள், அதையே போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ அவ்வளவாக ஏற்கவில்லை. மண்டி இருந்தால் மட்டும் வடித்து ஊற்றுங்கள், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன் செய்யுங்கள் என்பதுதான் அவர் கட்சி. நாற்பது வயது ஒயினுக்கு நான் அவர் பக்கம்.

இன்னொரு விஷயம், கட்டுரையோடு போட்டிருந்த படம். விளக்கு வெளிச்சம் நேரே விழும் அலமாரியில் பழைய பாட்டில்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஒயினுக்கு நாசம். நிற்க வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும், காற்று புகும். வெளிச்சம் வாசனையைக் கெடுக்கும். சூடு எல்லாவற்றையும் அவசரப்படுத்தும். படுக்க வைத்து, இருட்டில், 12 அல்லது 13 டிகிரியில், ஓரளவு ஈரப்பதத்தோடு, ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்கள் வேறு வேறு கிடங்கில் வளர்ந்தால் ஒன்று உயிரோடும் இன்னொன்று வினிகரின் வாசலிலும் இருக்கும். வாங்குகிறவர்கள் லேபிளைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலுக்குள் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். போர்தோ பாட்டிலில் மட்டம் கழுத்தடியில் இருந்தால் நல்லது, வயதான பாட்டிலில் தோளின் மேல்பகுதி வரை இறங்கியிருந்தாலும் பொறுக்கலாம், தோளின் பாதிக்குக் கீழே போயிருந்தால் நான் என் காசைக் கொடுக்க மாட்டேன். கார்க் கெட்டு ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அதற்கு மருந்தே கிடையாது, எவ்வளவு விலை என்றாலும் கீழே கொட்ட வேண்டியதுதான்.

விலையைப் பற்றித்தான் எழுதுவோம் என்றால் அதிலும் விட்டுப்போனது ஒன்று உண்டு. 2008-இல் பர்கண்டியின் ஒயின் தயாரிப்பாளர் லொரான் பொன்சோ நியூயார்க்குக்கே போய், தன் குடும்பத்தின் பெயரில் ஏலத்துக்கு வந்த பாட்டில்களைத் தடுத்து நிறுத்தினார். லேபிளில் போட்டிருந்த சில வருடங்களில், அதில் பெயர் இருந்த தோட்டத்து ஒயினை அவர்கள் தயாரித்ததே இல்லை. அதை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவான் போலி ஒயின் விற்ற மோசடியில் 2013-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். லட்சக்கணக்கில் கொடுத்து அவரிடம் வாங்கியவர்களில் பலர் அந்தப் பாட்டில்களைத் திறக்கவே இல்லை. திறக்காமலே வைத்திருந்தால் போலி எது அசல் எது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்?

இதன் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஏல விலைப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்து, எந்த ஊர் ஒயின், எந்த வருடம், இப்போது குடிக்கலாமா இன்னும் பொறுக்கலாமா என்று சொல்லச் சொல்லுங்கள். அப்படியே அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்