16-6 என்ற ஸ்கோரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஆடுவது) பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பருவக் கடைசியில் நடக்கும் ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதே, தேசியக் கோப்பைக்காகத் தேர்வுக்குழு பொறுக்கும் நான்கு அணிகளின் பிளேஆஃபில் அதைச் சேர்க்காதது சரிதான் என்பதற்குச் சாட்சி என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். ஆனால் 2023 டிசம்பர் 2 அன்று சார்லட்டில் நடந்த, எங்கள் கான்ஃபரன்ஸான (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) ஏசிசியின் சாம்பியன்ஷிப் ஆட்டத்தைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டலஹாசியில் குடியிருப்பவன், அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஆரஞ்ச் பௌலில் களமிறங்கியது எந்த அணி என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அணியின் முதல் குவார்ட்டர்பேக் (பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து கிடந்தார். அடுத்த குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கர் வேறு கல்லூரிக்குப் போக முடிவெடுத்துவிட்டார். கியான் கோல்மன், ஜானி வில்சன், டிரே பென்சன், ஜாரெட் வெர்ஸ் என்று தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை எதிர்நோக்கியிருந்தவர்கள் யாரும் ஆடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து ஆடிய அணி அது. பிளேஆஃப் கிடைத்திருந்தால் இவர்கள் ஒதுங்கியிருப்பார்களா? தேர்வுக்குழு கதவைச் சாத்தியது, அதனால் ஒதுங்கினார்கள், அதனால் அணி தோற்றது. பின்னால் நடந்ததை எடுத்து முன்னால் செய்ததற்குச் சாட்சி சொல்ல வைப்பது எந்த ஊர் நியாயம்?

என் மகன் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனையும் அவன் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு விடியும் முன்னே காரில் கிளம்பினோம். ஆட்டம் இரவு 8 மணிக்கு. அதற்கு முன்பே அட்லாண்டாவில் இன்னொரு கான்ஃபரன்ஸான எஸ்இசியின் சாம்பியன்ஷிப் முடிந்து, முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை அலபாமா 27-24 என்று வீழ்த்திய செய்தி எங்களைச் சுற்றி எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டது. இனி நாம் ஜெயித்தாலும் எடுக்க மாட்டார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். அந்தப் பேச்சு காதில் விழாமல் அந்தப் பிள்ளைகளும் களத்துக்கு வந்திருக்க முடியாது.

குவார்ட்டர்பேக்காக ஆடியது பிராக் க்ளென். முதலாண்டு மாணவர், வரிசையில் மூன்றாவது ஆள். ஆட்டம் முழுக்க அவர் பாஸ் போட்டு எடுத்தது வெறும் 55 யார்டு. இதைத்தான் எல்லோரும் சொல்லிக்காட்டுகிறார்கள். எதிரணியான லூயிவில் எத்தனை டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) போட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றுகூட இல்லை! பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி ஃபீல்டு கோல் இரண்டே, ஆக ஆறு புள்ளி. எங்கள் தடுப்பாட்டக்காரர் பிரேடன் ஃபிஸ்க் அவர்களுடைய குவார்ட்டர்பேக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளினார். எங்கள் லாரன்ஸ் டொஃபிலி பந்தோடு 100 யார்டுக்கு மேல் ஓடி, ஆட்டத்தின் ஒரே டச்டவுனையும் போட்டார். பந்தெறிபவர் இல்லாமல் ஓர் அணி தன் தடுப்பாட்டத்தை மட்டும் நம்பி ஜெயித்ததை நான் பார்த்தேன். 16-6. அதோடு 13 ஆட்டம், 13 வெற்றி.

மறுநாள் மதியம் என்ன நடந்தது? தேர்வுக்குழுவின் தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்த எங்கள் அணி, சாம்பியன்ஷிப்பை வென்றதற்குப் பிறகு ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. எட்டாம் இடத்தில் இருந்த அலபாமா நான்காவதாக உள்ளே வந்தது. 2014-ல் பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து, ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் சாம்பியனான அணியை வெளியே நிறுத்தியது இதுவே முதல் முறை. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்று குழுத் தலைவர் பூ கோரிகன் விளக்கம் சொன்னார். என் கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவார்ட்டர்பேக் மட்டுமல்ல என்று பார்த்திருப்பீர்களே என்று டிராவிஸ் எழுதினார். அதைப் படித்துவிட்டு என் மகன் அன்று சாப்பிடவே இல்லை.

மூன்றாவது குவார்ட்டர்பேக் என்றால் ஆகாது என்பது எப்போதிலிருந்து வந்த விதி? 2014-ல் பிராக்ஸ்டன் மில்லரும் ஜே.டி. பாரெட்டும் காயமாகி, மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸை வைத்துத்தான் ஒஹாயோ ஸ்டேட் பிக் டென் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் விஸ்கான்சினை 59-0 என்று வென்றது. குழு அவர்களை உள்ளே விட்டது. அலபாமாவையும் ஆரிகனையும் வென்று கோப்பையையும் எடுத்தார்கள். அதே 2014-ல் பிக் 12 கான்ஃபரன்ஸைச் சேர்ந்த டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) தன் கடைசி ஆட்டத்தை 55-3 என்று ஜெயித்தும் மூன்றிலிருந்து ஆறாம் இடத்துக்குப் போனது. அன்று பிக் 12-க்குச் சாம்பியன்ஷிப் ஆட்டம் இல்லை. அதுதான் குறை என்று பலரும் சொல்ல, 2017-ல் அந்த ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016-ல் பென் ஸ்டேட் ஒஹாயோ ஸ்டேட்டையும் வென்று பிக் டென் சாம்பியனும் ஆனது, ஆனால் பிளேஆஃப் போனது ஒஹாயோ ஸ்டேட். ஆட்டம் இல்லாவிட்டாலும் குற்றம், ஆடி ஜெயித்தாலும் போதாது என்றால், டிசம்பர் குளிரில் அந்தப் பிள்ளைகள் எதற்காக உடம்பை முறித்துக்கொள்கிறார்கள்?

2024 பருவத்திலிருந்து பிளேஆஃபில் 12 அணிகள், இனி இந்தச் சிக்கல் வராது என்று கட்டுரையில் ஆறுதலும் சொல்லியிருந்தீர்கள். 2023-ல் ஆடி முடித்த சீனியர்களுக்கு அது என்ன ஆறுதல்?

இதையும் சொல்லியாக வேண்டும். தங்கள் இதழை நான் ஆரம்பத்திலிருந்து சந்தா கட்டி வாங்குகிறவன். என்எஃப்எல்லின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் வந்தால் நான்கு பக்கம் ஒதுக்குகிறீர்கள். இங்கே படிக்கும் நம் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் உயிரை விடும் ஆட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு கட்டுரை. அதிலும் முந்தைய ஆண்டு, ஃப்ளோரிடா ஸ்டேட் என்று போட வேண்டிய இடத்தில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் என்று அச்சாகியிருந்தது. அது கெய்ன்ஸ்வில்லில் இருக்கிறது, எங்கள் பரம எதிரி. 2023 நவம்பரில்தான் அவர்களை அவர்கள் ஊரிலேயே 24-15 என்று வென்றோம். பிழையைச் சுட்டி அப்போதே கடிதம் போட்டேன். அச்சாகவில்லை, பதிலும் இல்லை. வாசகன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தால் தெரிவித்துவிடுங்கள், வருத்தப்பட்டாலும் புரிந்துகொள்வேன்.

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும். ஏசிசி சாம்பியன்ஷிப்பின் 16-6 என்ற ஸ்கோர், ஆரஞ்ச் பௌலில் ஆடாத முக்கிய வீரர்களின் பெயர்கள், பல்கலைக்கழகத்தின் சரியான பெயர். இந்த மூன்றும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்,
டலஹாசி, ஃப்ளோரிடா