பெயிண்டரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் இந்தப் பனியில் விடுவேனா என்கிறது. ஏற்காட்டில் புரட்டாசி பிறந்ததிலிருந்து வெயிலைப் பார்த்த நாள் குறைவு.

நாகலூர் வீட்டு மேற்குச் சுவர் மறுபடியும் உப்புப் பூத்துப் பெயர்கிறது, பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நானும் இதே தப்பைத்தான் செய்தேன். முதல் வருஷம் ஓடு மாற்றினேன், அடுத்த வருஷம் ஈரம் தாங்கும் பெயிண்ட் என்று விலை அதிகமானதாகப் பார்த்து அடித்தேன், அது உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் ஆடி மாசத்திலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அப்புறம் ஒரு நாள் நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். ஓட்டுத் தண்ணீர் இறவாரத்துத் தகர வாய்க்காலில் விழுகிறது, ஆனால் கீழே வருகிற குழாயில் ஒரு சொட்டு இல்லை. தகரம் நிரம்பி, பின்பக்க விளிம்பு வழியாகக் கைமர நுனியை நனைத்துக்கொண்டு நேராகச் சுவரில் இறங்குகிறது.

குழாயை அடைத்தது எல்லாம் சில்வர் ஓக் இலை. காப்பித் தோட்டத்து நிழல் மரம், மிளகுக் கொடிக்குத் துணை, நமக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தச் சீப்பு மாதிரி இலை கோடையில் கொட்டிக் குழாய் வாயில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் பாய் முடைந்த மாதிரி ஆகிவிடுகிறது. இந்த ஊர் ஈரத்தில் அது காய்வதே இல்லை, அடியில் தகரம் துருப்பிடிக்கிறது. நின்ற தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கும், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஆயிரம் சதுர அடி ஓட்டில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர். அதில் பாதி சுவரில் இறங்கினால் எந்தப் பெயிண்ட் தாங்கும், சொல்.

அதனால் முதலில் தகரத்தில் கிடக்கும் இலையை அள்ளிவிடு. ஆளை ஏற்றினால் ஏணியைக் கீழே ஒருவர் பிடித்திருக்கட்டும், கரண்ட் ஒயர் பக்கம் இரும்பு ஏணி வேண்டவே வேண்டாம். கைக்கு உறை கட்டாயம், ஈர இலைக்குள் பூரான் இருக்கும். பழைய எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டினால் அள்ள வசதி. அள்ளி முடித்ததும் குழாய்க்கு எதிர்க் கோடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார். நடுவில் தேங்கினால் வாட்டம் போய்விட்டது என்று அர்த்தம், பத்தடிக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும், தகரத்தைத் தாங்கும் கொக்கியை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். மேலே முழுக்க வலை போடச் சொல்வார்கள், நம் இலைக்கு அது ஆகாது, வலை மேலேயே படிந்து தண்ணீர் தாண்டிப் போய்விடும். குழாய் வாயில் மட்டும் கம்பி வலையைப் பந்தாகச் சுருட்டி வை. வைகாசியில் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும்.

சுவர் நன்றாகக் காய இரண்டு மூன்று மாசம் ஆகும், பெயிண்டை மாசிக்கு வைத்துக்கொள். என் மூங்கில் ஏணி சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி வா, வரும்போது சேலத்திலிருந்து கம்பி வலை ஒரு மீட்டர் வாங்கி வந்துவிடு, இரண்டு வீட்டுக்கும் ஆகும்.

அன்புடன்,
மல்லிகா