எந்த அச்சு வாக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயர் மின்னழுத்தக் குறைகடத்திகள் பற்றிய உங்கள் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். காலியம் ஆக்சைடுக்கு அதில் இடம் கொடுத்தது மகிழ்ச்சி. ஆனால் அதன் வெப்பக் கடத்துத்திறன் என்று அட்டவணையில் ஒரே ஓர் எண்ணைப் போட்டுவிட்டீர்கள். அதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சிலிக்கனுக்கு ஒரே எண் சரி. அதன் படிகம் கனசதுர அமைப்பு. எந்தப் பக்கம் போனாலும் வெப்பம் ஒரே மாதிரி பாயும். காலியம் ஆக்சைடின் நிலையான வடிவமான பீட்டா காலியம் ஆக்சைடின் படிகமோ ஒரு பக்கம் சாய்ந்தது, ஏ, பி, சி என்னும் அதன் மூன்று அச்சுத் திசைகளும் மூன்று நீளம். அறை வெப்பநிலையில் பி அச்சு வாக்கில் அதன் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 27 வாட். ஏ அச்சு வாக்கில் 11-தான். இங்கே வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் அணுக்களின் அதிர்வுகள், அதாவது ஃபோனான்கள். பி வாக்கில் அவற்றுக்கு வேகம் கூடுதல்.

இதைக் கண்ணாலேயே பார்க்க முடியும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1840-களில் பிரான்சில் தெ செனார்மோன் என்ற இயற்பியலாளர் செய்து காட்டினார். படிகத்தின் முதன்மை அச்சு தகட்டுக்குள்ளேயே படுத்திருக்கும்படி அறுத்த ஒரு குவார்ட்ஸ் தகடு. மேலே மெல்லிசாக மெழுகு, நடுவில் ஒரு துளை, அதில் சூடான கம்பி. கம்பியைச் சுற்றி மெழுகு உருகிக்கொண்டே போகும். உருகிய விளிம்பு வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். அதே குவார்ட்ஸை அச்சுக்குக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வட்டம்தான் வரும்!

சில்லுக்கு வருவோம். டிரான்சிஸ்டரில் சூடு கிளம்புவது மேற்பரப்பில், மிகச் சிறிய இடத்தில். அது பெரும்பாலும் கீழே இறங்கித்தான் வெளியேற வேண்டும். அப்படியானால் படிகத்தை எந்தத் தளத்தில் அறுத்தோம் என்பதே சில்லு எவ்வளவு சூடாகும் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. ஆய்வகங்களில் இந்தப் படிகத்தை ஒட்டுநாடாவால் ஏடு ஏடாக உரித்தெடுத்துச் சாதனம் செய்கிறார்கள். சுலபமாக உரிகிறது, வாஸ்தவம். ஆனால் அந்த ஏட்டின் குறுக்கே கீழே இறங்கும் வாக்குதான் வெப்பம் தயங்கிப் போகும் வாக்கு. ஏடு மெலிய மெலியக் கடத்துத்திறன் இன்னும் குறையும். சிலிக்கனுக்கு ஏறத்தாழ 150 இருக்கிறது. காலியம் ஆக்சைடின் கையில் இருப்பதே இவ்வளவு கொஞ்சம் என்னும்போது 11-க்கும் 27-க்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகப் பெரிது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது எந்த அச்சு வாக்கில், எந்த வெப்பநிலையில் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால், அந்த இரண்டு எண்களையாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் படித்த வாசகர் ஒருவர்