கை வைக்க முடிகிற இடங்கள்

அன்புள்ள சேகர்,

இயக்குநர் ஸாக் ஸ்னைடர் 2021-ல் தன் விருப்பப்படி வெட்டி வெளியிட்ட ‘ஜஸ்டிஸ் லீக்’ சூப்பர்ஹீரோ படத்தைப் பார்த்த கையோடு எழுதியிருக்கிறாய் என்பது கடிதத்தின் வேகத்திலேயே தெரிகிறது. இயக்குநரை அவர் போக்கில் விட்டிருந்தால் 2017-லேயே இந்தப் படம் கிடைத்திருக்கும் என்கிறாய். அது நடந்திருக்காது. 242 நிமிடப் படத்தைத் தியேட்டருக்கு அனுப்ப எந்த ஸ்டுடியோவும் துணியாது. 2021-ல் ஓடிடி என்ற வழி இருந்ததால்தான் அந்த நீளம் கிடைத்தது.

ஆனால் தியேட்டரில் வந்த 2017 பதிப்பு பாழானது பற்றி நீ சொல்வது முழுக்கச் சரி. மகளை இழந்த ஸ்னைடர் விலக, படத்தை முடிக்க இயக்குநர் ஜாஸ் வீடன் வந்தார். நவம்பர் வெளியீட்டை மட்டும் யாரும் தள்ளிவைக்கவில்லை. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அதற்குள் வேறொரு ஸ்டுடியோவின் படத்துக்கு மீசை வளர்த்திருந்தார், அதை மழிக்க அந்த ஸ்டுடியோ சம்மதிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அழித்தார்கள். முதல் காட்சியில், சிறுவர்களின் செல்போனைப் பார்த்து சூப்பர்மேன் பேசும்போது மேலுதட்டை மட்டும் கவனி. மீசை மறைத்த தோலைப் புதிதாக உருவாக்கி, உதட்டசைவோடும் கன்னச் சுருக்கத்தோடும் பொருத்த வேண்டும். அவசரத்தில் செய்ததால் வாய் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

இயக்குநருக்கும் ஸ்டுடியோவுக்குமான சண்டையே எடிட்டிங் அறையில்தான் நடக்கிறது என்று நீ நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க இயக்குநர் சங்க ஒப்பந்தப்படி, பெரிய படங்களுக்கு இயக்குநர் தன் பதிப்பை வெட்டித்தர குறைந்தது 10 வாரம் உண்டு. படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் ஃபைனல் கட் உரிமை ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அதன்பின் படம் ஸ்டுடியோவின் கையில். அதற்கு வெகு முன்பே ப்ரீவிஸ், அதாவது காட்சிகளின் அனிமேஷன் முன்வரைவு, வந்துவிடுகிறது. கிராஃபிக்ஸ் நிறுவனங்களுக்கு நிறைய அவகாசம் தேவை என்பதால் சண்டைக் காட்சிகள் முன்கூட்டியே அனிமேஷனில் தயாராகின்றன. அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்டெலை ஒரு படத்துக்காகச் சந்தித்தபோது, சண்டைக் காட்சிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சூப்பர்ஹீரோ படங்கள் எடுக்கும் மார்வல் ஸ்டுடியோ தரப்பில் சொன்னதாக அவரே பேட்டியில் கூறியிருக்கிறார். அப்படியானால் இயக்குநருக்கு மிஞ்சுவது வசனக் காட்சிகள்தான். இயக்குநர் எட்கர் ரைட் 2014-ல் மார்வலின் ‘ஆன்ட் மேன்’ படப்பிடிப்பு தொடங்கும் முன்பே விலகிக்கொண்டது எனக்கு நேர்மையான முடிவாகவே படுகிறது.

கடைசிவரை மாற்ற முடிகிற எதிலும் ஸ்டுடியோ கை வைக்கும். பச்சைத் திரைக்கு முன் எடுத்த காட்சியில் வானம், எதிரி, உடை எல்லாவற்றையும் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்புகூட மாற்றலாம். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் ‘தி டார்க் நைட்’டில் சிகாகோ தெருவில் நிஜ லாரியையே தலைகீழாகப் புரட்டினார். கேமராவில் பதிவான அந்த ஷாட்டில் பிறகு மாற்ற என்ன இருக்கிறது? பெரிய பட்ஜெட்டிலும் அவருக்குச் சுதந்திரம் இருந்ததற்கு முந்தைய படங்களின் வெற்றி ஒரு காரணம் என்றால், இந்த வேலைமுறை இன்னொரு காரணம்.

மற்றவர்களுக்குப் பட்ஜெட்தான் அளவுகோல். ‘டெட்பூல்’ 2016-ல் சுமார் 5.8 கோடி டாலரில் முடிந்தது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை என்பதால்தான் அவ்வளவு ரத்தத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும் அனுமதி கிடைத்தது.

இருந்தாலும் ஸ்டுடியோவை முழு வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அயர்ன் மேன்’ முதல் ‘எண்ட்கேம்’ வரை மார்வலின் 22 படங்கள் ஒரே கதையாகக் கோத்து நின்றதற்கு, அவற்றின் தயாரிப்பாளர் கெவின் ஃபைகியின் பிடிதான் காரணம். அந்த 22-லும் இயக்குநரின் கை தெரிகிற படம் எத்தனை என்று கேட்டால் எனக்கும் சங்கடம்தான்.

அடுத்து ‘சூப்பர்மேன் 2’ பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். 1980 பதிப்பை முதலில் பார், 2006-ல் வந்த, முதலில் இயக்கிய ரிச்சர்ட் டானரின் பதிப்பைப் பிறகு பார். முதல் படத்தோடு சேர்த்தே இதன் பெரும்பகுதியையும் எடுத்திருந்த டானரை நீக்கிவிட்டு, ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்தார்கள். சூப்பர்மேனின் காதலி லோயிஸ் துப்பாக்கி நீட்டும் காட்சியை டானர் படமாக்கவே இல்லை. அதனால் நடிகர் தேர்வுக்காக எடுத்த பழைய ஸ்க்ரீன் டெஸ்ட் துண்டுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் உடல்வாகும் தலைமுடியும் ஷாட்டுக்கு ஷாட் மாறும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் பார், பிறகு எந்தப் பதிப்பு உனக்குப் பிடித்தது என்று எழுது.

அன்புடன்,
ரவி